மேற்குச் சுவர் ஜன்னல்

தோழிக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஊர் நாடகக் கொட்டகையின் அறுபதாம் ஆண்டு விழா மலரில் அதன் வரலாற்றை நீதான் எழுதியிருக்கிறாய். கருங்கல் மேடை, தேக்குத் தூண்கள், ஓட்டுக் கூரை எல்லாம் சரி. மேற்குச் சுவர் ஜன்னலைக் 'காற்றோட்டத்துக்காக வைத்தார்கள்' என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

அந்தச் சுவருக்குக் கல் சுமந்தவர் என் அப்பா. கட்டி முடித்ததும், எங்கள் தெருக்காரர்கள் உள்ளே வரக்கூடாது என்றார்கள். வெளியே நின்று பார்க்கத்தான் அந்த ஜன்னல். ஆடிக்கிருத்திகைக்கு நாடகம் போட்டால் அப்பா விடிய விடிய அங்கேதான் நிற்பார். கல்லூரி நாட்களில் அரக்கோணம் ரயிலில் இதை உன்னிடம் சொன்னேன். கேட்டுவிட்டு நீ அழுதாய்.

விழாவில் உன்னைக் கேட்டேன். "இப்ப எதுக்குடி அதெல்லாம்? கமிட்டிக்காரங்க மனசு கஷ்டப்படும்" என்றாய். அப்பாவின் மனசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று அவரை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. மலரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "அந்த ஜன்னலப் பத்தி எழுதிக்கிறாங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஆங், எழுதிக்கிறாங்க நைனா" என்றேன்.

அதிலிருந்து தினமும் படித்துக் காட்டச் சொல்கிறார். தலைவலி, கண்வலி என்று தட்டிக்கழிக்கிறேன். அந்த வரியை என் வாயால் படிக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அவர் எதிரில் உட்கார்ந்து, நீ எழுதியதை நீயே படித்துக் காட்டு.

இன்னும் கோபம் தீராத,
உன் சிநேகிதி