விகாரி வருடத்து அட்டை

2004 ஒக்ரோபர் 4, திங்கள்

காலை முதல் தூறல். லண்டன் பாதாள ரயில், நோர்தேர்ன் லைன், பதினொரு நிமிடம் தாமதம்.

நூலகத்தின் 31ஆம் பெட்டி, பக்கங்களைப் படமெடுக்கும் ரஞ்சனிடம் ஒப்படைப்பு. பழைய யாழ்ப்பாண அச்சு நூல்கள், இருபத்திரண்டு. ரஞ்சன் எண்ணாமலே கையொப்பம். எண்ணிப் பாரும் என்றேன். "நீங்கள் எண்ணினாச் சரி அண்ணை." புகழ்ச்சியா சோம்பலா, தெரியவில்லை.

பிற்பகல் கூட்டம். நூலகத் தலைவி ஹெலன் அறிவித்தது: நவம்பர் 2 முதல் நம் தமிழ்ச் சேகரம் முழுதும் இணையத்தில், எவரும் பார்க்கலாம். தொடக்க விழாவில் பத்து நிமிடம் பேசுபவர் ரஞ்சன். நான், கேள்விகள் எழுந்தால் உதவ, அருகில் நிற்க வேண்டுமாம்.

பதிவுக்காக: இச்சேகரத்தின் விவர அட்டைகள் அனைத்தையும் பதினேழு ஆண்டுகளாக எழுதியவன் நான். ரஞ்சன் (ர.) வந்தது இந்த ஜனவரியில், படம் எடுக்க. அதற்கு முன் வால்தம்ஸ்டோவில் கலியாண வீடியோ. அதற்கும் முன் ஜேர்மனி.

அவருடைய கோட் இன்றும் புத்தகத் தள்ளுவண்டியின் மேல். விதிப்படி அங்கே புத்தகம் மட்டும்.

5, செவ்வாய்

வெயில், ஆனால் குளிர். ர. கொண்டுவந்த மட்டன் ரோல்ஸ். ஹெலன் உட்பட எல்லோரும் அவர் மேசையைச் சுற்றி. நானும் இரண்டு உண்டேன். நன்றாக இருந்தது, அதுதான் தாங்கவில்லை.

ர.: "அண்ணை, உங்கட அட்டையளில ஒரு வெட்டுக்கொத்து இல்லை. அப்பிடியே பாத்துக் கொம்பியூட்டரில அடிச்சுப் போடுறன்."

அடிப்பதல்ல, படியெடுப்பது, என்றேன்.

"ஓம், அதைத்தான்!" சிரிப்பு. எல்லாவற்றிற்கும் சிரிப்பு.

வீட்டில் சறோவிடம் விழா விடயம் சொன்னேன். மனைவியிடம் ஆறுதல் எதிர்பார்த்தது என் பிழை.

"ஆர், சுகந்தியின்ர கலியாண வீடியோ எடுத்த ரஞ்சனோ? நல்ல பிள்ளை. வடிவாக் கதைப்பார்."

"பதினேழு வருசம் நான் செய்த வேலையப்பா."

"ஆர் இல்லையெண்டது? ஆனா இவ்வளவு நாளும் அது லாச்சிக்குள்ள எல்லோ கிடந்தது. அவர் வந்துதானே வெளியில எடுக்கிறார்."

கறிவேப்பிலையும் தேங்காய்ப்பாலும் வாங்க டூட்டிங் கடைக்கு. கறிவேப்பிலை மறந்து திரும்பினேன்.

7, வியாழன்

மழை. இணையத்தளத்தின் சோதனைப் பதிப்பைச் சரிபார்க்கத் தொடங்கினேன். செய்யும்படி எவரும் கேட்கவில்லை. தேடியது: ர.வின் பிழை. வேறு நோக்கம் இருந்ததாக இங்கேனும் பாசாங்கு வேண்டாம்.

மூன்று மணி வரை:
– ஒரு பக்கம் சாய்வு
– ஒரு பக்கத்தில் பெருவிரல் நுனி
– மற்றவை சுத்தம் (வருத்தம்)

3.40: கிடைத்தது.

விஷகடி வைத்தியக் கைநூல் ஒன்று. முகப்பில் "விகாரி வருடம்" மட்டும். ஆங்கில ஆண்டு இல்லை. விகாரி அறுபது ஆண்டுக்கொருமுறை வருவது. 1839 ஆகலாம், 1899உம் ஆகலாம். தளத்தில் ர. இட்டிருப்பது 1839. ஆனால் கடைசித் தாளின் படத்தில் அச்சகத்தாரின் விளம்பரம்: "தந்திக் கந்தோருக்கு எதிரே." 1839இல் யாழ்ப்பாணத்தில் தந்தி அலுவலகம் ஏது! அறுபது ஆண்டுப் பிழை.

ஹெலனுக்கு இரண்டு பக்கக் கடிதம். முடிவுரை: பயிற்சியற்ற ஒருவர் இச்சேகரத்தின் சார்பில் பேசுவது உசிதமா என்பதை மீளவும் சிந்திக்க. நடை திருப்தி. நாளை, சான்றாக என் அட்டையின் பிரதியை இணைத்துக் கொடுப்பேன்.

மகிழ்ச்சி என்று எழுத வெட்கம். மகிழ்ச்சிதான்.

8, வெள்ளி

லாச்சியை இழுத்து அட்டையை எடுத்தேன். என் கையெழுத்து. நீல மை. 1839.

நின்றபடியே திரும்பத் திரும்பப் பார்த்தேன். ர. பிழையின்றிப் படியெடுத்திருக்கிறார், என் பிழையை. முகப்புப் பக்கமே சான்று என்பது நான் வைத்த விதி. கடைசித் தாளை நான் திருப்பவே இல்லை. படம் எடுப்பவர் எல்லாத் தாளையும் திருப்பியாக வேண்டும்.

3ஐ 9 ஆக்க ஒரு சிறு வளைவு போதும். அறையில் எவருமில்லை. அதே நீல மை.

செய்தேன்.

அரை மணி கழித்து ர. வந்தார். "அண்ணை, ஒரு சந்தோசமான விசயம். நீங்கள் லீவில நிக்கேக்க உங்கட அட்டையள் எல்லாத்தையும் படம் எடுத்திட்டன். ஒவ்வொரு புத்தகத்துக்குப் பக்கத்திலயும் உங்கட எழுத்தும் பேரும் வரும். ஹெலனிட்ட நான்தான் கேட்டனான். ஆர் செய்த வேலையெண்டு சனத்துக்குத் தெரியட்டும்."

எப்போது எடுத்தீர்?

"போன மாதம். சொல்லாமல் வைச்சிருந்தனான்."

ஆக, படத்தில் 3. லாச்சியில் 9.

நன்றி சொன்னேனா, நினைவில்லை. கடிதத்தைக் கிழித்தேன். இந்த மனிதர் தம்மை முழுதாக வெறுக்கவும் விடுகிறாரில்லை.

11, திங்கள்

மூடுபனி. எட்டரைக்கே வேலைக்கு.

திருத்தம் பற்றி நான் எழுதிய விதி சுவரிலேயே உண்டு: அழிக்கலாகாது, ஒற்றைக் கோடு, மேலே சரியானது, அருகில் கையொப்பம், திகதி. அதன்படி, வளைவு வைத்த எண்ணை வெட்டி எழுதினேன்: "1839 எனப் பிழையாக எழுதியதும், பின் மறைவாக மாற்றியதும் நான். சரியான ஆண்டு 1899. கடைசித் தாள் காண்க."

ர.விடம் நீட்டினேன். வாசித்தார். மறைவாக மாற்றியது பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"தந்திக் கந்தோர். நானும் கண்டனான் அண்ணை."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் போட்ட வருசம். ஏதும் காரணம் இருக்குமெண்டு விட்டிட்டன்."

பிறகு அதே சிரிப்பு. "விழாவில இந்தத் தந்திக் கதையைச் சொல்லட்டோ? சனம் ரசிக்கும்."

"இல்லை. அதை நான்தான் சொல்லுவன்."

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஹெலன் சம்மதம். பத்து நிமிடத்தில் ர.வுக்கு ஆறு, எனக்கு நான்கு. பதினேழு ஆண்டு வேலையில் மேடையேறப் போவது என் பிழை ஒன்று. அதிலும் அவருடைய ஆறு நிமிடத்துக்குத்தான் கூடக் கைதட்டுவார்கள்.

அட்டையை மீளப் படம் எடுத்தார். கோட் தள்ளுவண்டியின் மேல். எடுக்கச் சொன்னேன்.