பதினேழாம் எண் ரோபோவின் கண்

தேஜோன்
ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஹேரன் எழுதுவது. நலம். நீயும் உன் மீன் கடையும் நலமா? கைபேசியை இன்னும் அணைத்தேதான் வைத்திருக்கிறேன், அதனால்தான் கடிதம். நான் இருக்கும் ஊர் உனக்கு மட்டும்தான் தெரியும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

பேஸ்பால் மைதானத்தில் வேலை கிடைத்துவிட்டது. இந்த ஊரின் கொக்கு என்னும் அணி தோற்றுத் தோற்று, பார்க்க ஆளே வருவதில்லை. அதனால் மூன்று வரிசைக்கு ரோபோக்களை உட்கார வைத்திருக்கிறார்கள். வர முடியாத ரசிகர் வீட்டில் இருந்தபடியே கைபேசி வழியாக ஒரு ரோபோவின் கண்ணால் ஆட்டம் பார்க்கலாம், அதன் தலையைத் திருப்பலாம். அவர் அனுப்பும் முகப்படம் ரோபோவின் முகத்தில் தெரியும், எழுதி அனுப்புவது அதன் மார்புப் பலகையில் ஓடும். ஆட்டத்துக்கு முன்னால் எல்லாக் கண்களையும் துடைப்பது என் வேலை. கை நீட்டி அடிக்காத கூட்டம், அக்கா. எனக்குப் பிடித்திருக்கிறது.

உன் தங்கை,
ஹேரன்


பூசான்
ஏப்ரல் 21

அன்புத் தங்கை ஹேரனுக்கு,

உன் கடிதம் வயிற்றில் பாலை வார்த்தது. ஆனாலும் மாதத்துக்கு ஒரு கடிதம் என்பது எந்த ஊர் நியாயம்?

உன் வீட்டுக்காரர் மன்சு கடைக்கு வந்தார். "அண்ணி, குடிய விட்டு ரெண்டு மாசமாச்சு. அவ எங்க இருக்கான்னு கேக்க மாட்டேன். நல்லா இருக்காளா, அத மட்டும் சொல்லுங்க" என்று அழுதார். மீன் பெட்டிகளை எல்லாம் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் என் மனசு என்ன கல்லா?

அக்கா,
ஹேசுக்


தேஜோன்
மே 7

அன்புள்ள அக்காவுக்கு,

பயமாக இருக்கிறது.

பதினேழாம் எண் ரோபோ ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. பந்து வலப்பக்கம் பறந்தால் மற்ற தலைகள் எல்லாம் வலப்பக்கம் திரும்புகின்றன. அது மட்டும் நான் நிற்கும் படிக்கட்டைப் பார்க்கிறது. நான் நகர்ந்தால் அதன் தலையும் நகர்கிறது. முகப்படம் அனுப்பாதவர்களுக்கு இவர்களே போடும் சிரித்த பொம்மை முகம்தான் அதற்கு.

மேற்பார்வையாளர் பார்க் என்பவரிடம் சொன்னேன். "அதுக்கு ஒங்க மேல காதலா இருக்கும். சோறு கேக்காது, துணி கேக்காது, பேசாம கட்டிக்குங்க" என்று சிரித்தார்.

ஞாயிறு மதியம் அதன் கண்ணைத் துடைக்கக் குனிந்தேன். பலகையில் ஒரே சொல் ஓடியது: "மா!"

எதிரணிப் பந்துவீச்சாளன் நம் ஓட்டக்காரனைப் பந்தை எறிந்து மிரட்டினால், பூசானில் மைதானமே சேர்ந்து 'ஏய்!' என்பதுபோல அவனை அதட்டும் அதே "மா!" இந்த ஊரில் அப்படிக் கத்துபவர் ஒருவரும் இல்லை. அப்போது ஆட்டமே தொடங்கியிருக்கவில்லை. பெல்ட்டை உருவும் முன் என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.

நான் இங்கே இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது?

ஹேரன்


பூசான்
மே 14

அன்புத் தங்கைக்கு,

வீணாகப் பயப்படாதே. நம் ஊர்க்காரர்கள் எங்கேதான் இல்லை? யாரோ விளையாட்டுக்கு எழுதியிருப்பார். நிழலைப் பார்த்தெல்லாம் ஓடினால் எங்கே போய் நிற்பாய்? மனுஷன் திருந்த ஒரு வாய்ப்பு வேண்டாமா?

வேளாவேளைக்குச் சாப்பிடு. கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. இடுப்பு வரை தொங்கிய முடியை ஆண்பிள்ளை போல வெட்டிக்கொள்ள உனக்கு எப்படி மனம் வந்தது?

அக்கா,
ஹேசுக்


தேஜோன்
மே 18

அக்கா,

முடி வெட்டியதை உனக்கு நான் எழுதவே இல்லை. பேருந்து நிலையக் கழிப்பறையில் நானே வெட்டிக்கொண்டது. புகைப்படமும் அனுப்பவில்லை. பதினேழின் கண் வழியாகத்தான் என்னைப் பார்த்திருக்கிறாய், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

நீ கெட்டவள் இல்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பாய். மீன் பெட்டி இறக்கிய கையைத்தான் நீ பார்த்தாய். அதே கை என் மீது விழுந்தபோது நீ பக்கத்தில் இல்லை.

இன்று மற்ற கண்களை எல்லாம் துடைத்தேன். பதினேழின் கண்ணைத் துணியால் கட்டினேன். உடனே பலகையில் "மா! மா!" என்று ஓடியது. பிறகு "ஹேரன், அக்கா பேசறேன், துணிய எடு" என்று ஓடியது. அது முடிவதற்குள் மறுபடி "மா!"

இது உன் கைக்கு வரும்போது நான் இந்த ஊரில் இருக்க மாட்டேன். அடுத்த ஊரின் பெயரை உனக்கு எழுத மாட்டேன்.

இந்தக் கடிதத்தை அடுப்பில் போட வேண்டாம். அவருக்கும் படித்துக் காட்டு.

ஹேரன்