பன்னிரண்டு சனிக்கிழமைகள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் இடது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் நலம். நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி, உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். போனில் நீ சரிம்மா சரிம்மா என்கிற வேகத்தில் எனக்குப் பாதி மறந்துவிடுகிறது, மீதியை அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு திருத்துகிறார். அதனால்தான் அவர் முடி வெட்டிக்கொள்ளப் போன நேரம் பார்த்து, யாரும் குறுக்கே பேசாமல் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லிவிட உட்கார்ந்தேன்.

நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை உனக்குத் தெரியும். உன் சித்தப்பா மரப்பட்டறையைப் பூட்டிவிட்டு வருவார், அப்பா தயாராகக் காத்திருப்பார், நாட்டின் வறுமையை ஒழிக்காமல் இரண்டு பேரும் எழுந்திருக்க மாட்டார்கள். சித்தப்பா, "வேலை இல்லன்னு எவன் சொன்னான்? என் பட்டறைக்கு ஆள் கிடைக்கல. சட்டம் சட்டம்னு போட்டுச் சின்ன ஆளுங்க கழுத்தை நெரிக்கிறதாலதான் நாடு இப்படி இருக்கு" என்பார். அப்பா விடுவாரா, "கத்துக் கொடுக்காம வேலைக்கு வான்னா எப்படிடா வருவான்? நீ உன் ஆளுங்களுக்குக் கண்ணுல மரத்தூள் விழாம கண்ணாடி வாங்கி மாட்டினதே லேபர் இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போன அப்புறம்தானே" என்பார். அதில் என் பங்கு டீ போடுவதும், கை வீச்சுக்கு எட்டாத தூரத்தில் தம்ளர்களை நகர்த்தி வைப்பதும்தான். பதினொரு வருஷமாக வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்க வைத்து, ஊட்டிவிட்டு வருகிறவள் நான், வறுமையைப் பற்றியும் வேலையைப் பற்றியும் உனக்கு என்ன தோன்றுகிறது என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றியதில்லை. எனக்கும் சொல்லத் தோன்றியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஒரு நாள் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "சபாஷ், இப்பதான் உருப்படியா ஒரு சட்டம் கொண்டு வந்திருக்கான்" என்றார். எங்கேயோ ஒரு வீட்டில் நோயாளியைச் சரியாகக் கவனிக்காமல் விட்டு, முதுகில் புண் அழுகி அவர் இறந்தே போய்விட்டாராம். அதனால் இனிமேல் வீட்டுக்குப் போய் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற யாராக இருந்தாலும் ஆறு மாதப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை செய்யக்கூடாது, வகுப்பு தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை. அதில் நானும் உண்டா என்று கேட்டேன். பேப்பரை மடித்துக்கொண்டிருந்தவர் பாதி மடிப்பில் அப்படியே நின்றுவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்குக் கொண்டாட்டம், "பாத்தியாண்ணா, உன் சட்டம் உன் வீட்டுக் கதவையே தட்டுது" என்று மூன்று தடவை சொன்னார். எனக்கோ வேறு கவலை. அப்பாவின் ஓய்வூதியம் எதுவரை வரும் என்பது உனக்குத் தெரியாததல்ல. அதைவிட, நான் போகாவிட்டால் டைப்பிஸ்ட் அம்மாவை யார் எழுப்பி உட்கார வைப்பது?

அவர்களைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனோ இல்லையோ. நீதிமன்றத்தில் முப்பது வருஷம் டைப் அடித்தவர்கள், பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, நாலு வருஷமாக நான்தான் பார்க்கிறேன். பேச்சு கொஞ்சம் குழறும், புத்தி மட்டும் கத்தி. விஷயத்தைச் சொல்லி நான் கண்ணைத் துடைத்ததும், "அழுதா யாரும் படிக்க மாட்டாங்க, மனு எழுது" என்றார்கள். பரணில் இருந்த பழைய மெஷினை இறக்கச் சொல்லி, இடது கை ஒரே விரலால் மூன்று நாள் தட்டினார்கள். ஒரு எழுத்துப் பிழை இல்லை, ஒரு இடத்தில் மட்டும் நான் சொன்ன கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டு நல்ல வார்த்தை போட்டிருந்தார்கள்.

தொழிலாளர் அலுவலகத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நாள் குறித்திருந்தார்கள். அப்பாவும் சித்தப்பாவும் கூட வந்தார்கள், ஆளுக்கொரு காரணத்துக்காக. என்னைப் போல நாற்பது பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில், பாதிப் பேர் வேலைக்கு நடுவே ஓடி வந்தவர்கள். என் முறை வந்தபோது மனுவில் இருந்த எழுத்தெல்லாம் எறும்பாக ஓடியது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "பயிற்சி வேணாம்னு சொல்ல வரலைங்க. வேலையை விட்டாத்தான் வேலை கத்துக்க முடியும்னா, வசதியுள்ளவங்கதான் கத்துக்க முடியும். வசதியுள்ளவங்க யாரும் இந்த வேலைக்கு வரப்போறதில்லைங்க." கூடம் சிரித்தது, நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, அவள் சிரிக்காமல், "அப்ப எப்படி வச்சா உங்களால வர முடியும்?" என்று கேட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. வாரத்தில் ஒரு நாள் என்றேன். அதற்குள் சித்தப்பா எழுந்து சட்டத்தையே ரத்து செய்யணும் என்றார், அப்பா எழுந்து ரத்து செய்யக்கூடாது, திருத்தணும் என்றார், மைக் முன்னாலேயே இரண்டு பேருக்கும் பிடித்துக்கொண்டது. அதிகாரி, "நீங்க ரெண்டு பேரும் யாரு?" என்றாள். அண்ணன் தம்பி என்றார்கள். "வீட்ல பேசிக்கலாமே" என்றாள். வரும் வழியில் பஸ்ஸில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னல்.

இரண்டு மாதம் கழித்துத் திருத்திய உத்தரவு வந்தது. ஐந்து வருஷ அனுபவம் இருந்தால் பன்னிரண்டு சனிக்கிழமை வகுப்பு, கடைசியில் செய்முறைத் தேர்வு. நான் சந்தோஷமாகப் போனேன், கொஞ்சம் தலைக்கனத்தோடும் போனேன் என்று வைத்துக்கொள். பதினொரு வருஷம் செய்தவளுக்கு இவர்கள் என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள் என்று நாலு வாரம் கொட்டாவி விட்டேன். ஐந்தாவது வாரம் பாடம் எடுத்த பிசியோதெரபிப் பெண் ஆள் உயரப் பொம்மையைக் கட்டிலில் போட்டு, பக்கவாதம் வந்தவரை உட்கார வைத்துக் காட்டச் சொன்னாள். நான் முந்திக்கொண்டு போய் வழக்கம்போலக் கையைப் பிடித்து ஒரே மூச்சில் இழுத்து உட்கார வைத்தேன். அவள் சத்தம் போடவில்லை. "அக்கா, விழுந்த பக்கத்துக் கையை இழுக்கவே கூடாது. தோள்ல பிடிப்பு இருக்காது, எலும்பு குழியை விட்டு நழுவும், உயிர் போற மாதிரி வலிக்கும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. நாலு வருஷம். தினமும் மூன்று தடவை.

திங்கட்கிழமை டைப்பிஸ்ட் அம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கேட்டேன், நான் தூக்கும்போது தோள் வலிக்குமா என்று. "வலிக்கும்" என்றார்கள். ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்றேன். "உனக்கு முன்னாடி வந்தவகிட்ட ஒண்ணு சொன்னேன். மறுநாள் அவ வரல. நீயும் வராம போயிட்டா?" என்றார்கள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் பிழைப்புப் போய்விடுமே என்று மைக்கில் பேசினேனே, பிழைப்பு போகக்கூடாது என்று நான் வாயைத் திறந்த மாதிரி, நான் போகக்கூடாது என்று அவர்கள் வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். அப்புறம் எழுந்து, கற்றுக்கொண்டபடி என் முழங்காலை அவர்கள் முழங்காலுக்கு அண்டக் கொடுத்து, இடுப்பில் துணிப்பட்டை சுற்றிப் பிடித்து, மெதுவாக உட்கார வைத்தேன். வலிக்கிறதா என்றேன். "இல்ல. ஆனா நீ ரொம்ப நேரம் எடுத்துக்கற, டீ ஆறிடுது" என்றார்கள். இரண்டு பேரும் சிரித்தோம், அழுதோம் என்றும் வைத்துக்கொள்.

தேர்வில் தேறிவிட்டேன். டைப்பிஸ்ட் அம்மாவுக்குத் தோள் வலி இப்போது பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது, ராத்திரி நன்றாகத் தூங்குகிறார்களாம். எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன், எங்கள் வகுப்பில் ஒருத்தி, வேலை செய்கிற வீட்டில் சனிக்கிழமை விடவில்லை என்று பாதியில் நின்றுவிட்டாள். அவளுக்காகப் புதன்கிழமை வகுப்பு ஒன்று கேட்டு நாங்கள் ஏழு பேர் போய் அந்த அதிகாரியைப் பார்த்தோம், பத்துப் பேர் சேர்ந்தால் நடத்துகிறேன் என்றிருக்கிறாள். ஒன்பது பேர் சேர்ந்தாயிற்று. உன் சித்தப்பா இப்போது, "சட்டம் தப்பில்ல அண்ணி, போட்ட விதம்தான் தப்பு" என்கிறார். அதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன் என்கிறார் அப்பா. யார் முதலில் சொன்னது என்று மூன்று வாரமாக நடக்கிறது.

கண்ணா, போன தடவை பேசும்போது நீ ஒரு பக்க வாயால் பேசினாய், நான் கவனித்தேன். பல் வலியா என்றதற்கு ஒன்றுமில்லை என்றாய். ஒன்றுமில்லை என்கிறவர்களை நான் இப்போது நம்புவதில்லை. இந்த வாரமே பல் மருத்துவரிடம் போ, போய்விட்டு வந்து மருமகள் எனக்குச் சொல்லட்டும், நீ சொல்ல வேண்டாம். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வலியை மறைக்காமல், மனசு நிறைந்து, நீண்ட காலம் நன்றாக வாழுங்கள். அப்பா வாசலில் செருப்பை உதறுகிற சத்தம் கேட்கிறது, உறையை ஒட்டிவிடுகிறேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா,
பதிவு பெற்ற இல்ல நோயாளர் பராமரிப்பாளர் (அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது, ஒரு தடவை எழுதிப் பார்த்தேன்)