மகம் கேட்டு வாங்கிய பிள்ளை

செப்டம்பர் 7
பிரசவத்துக்காக பிரேமலா அக்கா தெப்ராவில் உள்ள புருஷன் வீட்டிலிருந்து ரெங்கத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் கட்டில் அவளுக்கு. எனக்கு ஹாலில் பாய்.

"வாயும் வயிறுமா இருக்கா. நீதான் அனுசரிக்கணும்," என்றார் அம்மா.

எப்போது நான் அனுசரிக்கவில்லை? அவள் கல்லூரிக்குப் போன வருஷம்தான் நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டு நின்றேன்.

செப்டம்பர் 10
"தலை கீழே இறங்கிடுச்சு. தானாவே பொறக்கும்," என்றார் டாக்டர்.

அக்கா புருஷன் சுகுமாறன் மாமா விடவில்லை. "நல்ல நாள் பார்த்து ஆபரேஷன் செஞ்சிக்கலாமா?"

"கேக்கிறவங்க நிறையதான். ஆனா வயித்துல கத்தி வைக்கிறது சின்ன வேலை இல்ல."

அக்காவுக்கு வலி என்றால் பயம். மாமாவின் அம்மாவுக்கு ஜாதகம் முக்கியம். டாக்டரும் கடைசியில் சரி என்றுவிட்டார்.

செப்டம்பர் 12
தமிழ்நாட்டு ஜோசியரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. பத்தொன்பதாம் தேதி, காலை ஒன்பது மணி. மகம்.

"மகம் ஜெகத்தையே ஆளும்லா!" மாமா துள்ளினார்.

"நல்லவேளை, ஆயில்யம் அதுக்குள்ள முடிஞ்சிருது," என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல்.

நான் ஆயில்யம். மாமியாருக்கு ஆகாதாம்; வந்த வரனெல்லாம் அதோடு போயிற்று. பக்கத்து வீட்டு வேனில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பிறந்தேன். எனக்கு யார் நேரம் பார்த்தார்கள்?

செப்டம்பர் 15
பொறாமைதான். இன்னும் பிறக்காத பிள்ளை மேல். சீ.

செப்டம்பர் 19
ஒன்பது மணிக்கே எடுத்துவிட்டார்கள். பெண்.

பக்கத்துக் கட்டில் சீன அக்காவும் நாள் பார்த்து வந்தவர்தான். எதிர்க்கட்டில் மலாய்க்கார அக்காவுக்கு முதல் பிள்ளை ஆபரேஷன், அதனால் இதுவும்.

எல்லோரும் பிள்ளையை மகம், மகம் என்றே கொஞ்சினார்கள். என்னிடம் நீட்டியபோது, கை கழுவ வேண்டும் என்று நழுவிவிட்டேன்.

செப்டம்பர் 21
ஜாதகம் வந்தது. ஆயில்யம்!

ஜோசியர் சொன்னது இந்தியாவின் ஒன்பது மணி. இங்கே அது பதினொன்றரை; பிள்ளையை எடுத்தபோது ஆயில்யம் இன்னும் முடியவில்லை. இத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"அலாமாக்! அவரு சொல்லவே இல்லையே!" என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் அம்மா போனிலேயே அழுதார்.

நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். நல்லா வேணும். நல்லா வேணும்!

செப்டம்பர் 23
அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். தும்மினால்கூடத் தையல் இழுக்கிறது. தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு எழுகிறாள்.

"தானாவே பொறந்திருக்கும்ல, தேனு?" என்று என் கையைப் பிடித்தாள்.

நழுவிய தலையணையை எடுத்துக் கொடுத்தேன். சிரிப்பெல்லாம் எங்கே போயிற்று?

செப்டம்பர் 24
பிள்ளைக்கு இன்னும் பெயர் இல்லை. யாரும் அவசரப்படவும் இல்லை. பால் கொடுக்க மட்டும் தூக்குகிறார்கள்.

செப்டம்பர் 28
பெக்கான் நானாஸிலிருந்து இராசம்மா பெரியம்மா பார்க்க வந்தார். தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "ஆயில்யமாமே? கோயில்ல தவிட்டுக்கு வித்துட்டு, திரும்ப வாங்கிடுங்க. தோஷம் போயிடும். இல்லாட்டி இதோ, இவள மாதிரி..." என்னை நோக்கித் தாடையை ஆட்டினார்.

அம்மாவும் தலையாட்டினார்.

"வித்தா நான் வாங்கிக்கிறேன், பெரியம்மா. திருப்பிக் குடுக்க மாட்டேன்."

நானா பேசினேன்? வீடே திரும்பிப் பார்த்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். என்ன கனம், இத்தனை சின்ன உடம்புக்கு!

அக்கா உள்ளேயிருந்து இரண்டு தடவை பிள்ளையைக் கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் என்றேன்.