சுவரில் இல்லாத பெயர்

பிரெஸ்னோ,
அக்டோபர் 14

அன்புள்ள எவரிஸ்டோவுக்கு,

நானும் பிள்ளைகள் இருவரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஏணி ஏறும்போது பட்டையைக் கட்டிக்கொள்கிறீர்களா, இல்லை அது பெட்டியிலேயே தூங்குகிறதா?

போனில் சொன்னால் நடுவில் புகுந்து கெடுப்பீர்கள் என்றுதான் கடிதம். கடைசி வரிக்குத் தாவாமல் படியுங்கள்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருடமாகச் செவ்வாயும் வியாழனும் நான் போனது ஜெபமாலைக் கூட்டத்துக்கு அல்ல, பெரியவர்களுக்கான வகுப்புக்கு. பள்ளிச் சமையலறையில் ஆறு வருடமாக எனக்குத் தினம் நாலு மணி நேர வேலைதான். முழுநேர வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான சான்றிதழ் கேட்கிறார்கள். நானோ ஆறாவதோடு நின்றவள். அந்த வேலை கிடைத்தால்தான் குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு. தோற்றால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் மறைத்தேன்.

போன வாரம் ஒரு முழுநேர இடம் காலியானது, விண்ணப்பம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் காட்ட வேண்டும். புதன்கிழமை, தேறியவர்கள் பட்டியலை வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஆங்கில அகரவரிசையில், என் அப்பா வழிக் குடும்பப் பெயரான ஆரியாகாவைத் தேடினேன். ஆல்வரெஸ் இருக்கிறார், அயலா இருக்கிறார், அடுத்தது பனுவேலோஸ். நான் இல்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் மேற்பார்வையாளர் அம்மாவிடம், அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். தலைவலி என்றேன்.

என்னோடு தட்டு கழுவும் நிடியாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே, வாயைப் பிடுங்காமல் விடமாட்டாள். விஷயம் தெரிந்ததும், "உன்னை ஃபெயிலாக்கினது யாருன்னு பாத்துட்டு வர்றேன்டி" என்று கிளம்பினாள். சாயங்காலம் அந்தப் பட்டியலையே சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அடி கழுதை, கடைசி வரைக்கும் பாத்தியா? இந்த ஊர்ல அப்பன் பேரையா பாக்குறாங்க? கடைசியா எது இருக்கோ அதுதான் பேரு. பன்னெண்டு வருஷமா என் சம்பளச் சீட்டே எங்கம்மா பேர்லதான் வருது" என்றாள்.

அடியில் இருந்தது: செபேடா, தொமித்தீலா ஆரியாகா. தேர்வு விண்ணப்பத்தில் நம் வழக்கப்படி அப்பா பெயருக்குப் பின்னால் அம்மாவின் குடும்பப் பெயரான செபேடாவையும் பெருமைக்காக எழுதிவைத்தேன், அது பார்த்த வேலை. ஒரு நாளும் பள்ளிக்கூடம் போகாத என் அம்மாவின் பெயர் தேறியவர்கள் பட்டியலில் இருக்கிறது, எவரிஸ்டோ. சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

அன்றைக்கே சான்றிதழை வாங்கி, மறுநாள் விடிந்ததும் சமையலறைக்கு ஓடினேன். மேற்பார்வையாளர் அம்மா என் வேலை விண்ணப்பத்தை எடுத்து வெளியே போடவே இல்லை. "தலைவலி போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். திங்கள் முதல் எட்டு மணி நேரம். காப்பீட்டுத் தாளில் பிள்ளைகளோடு உங்களையும் சேர்த்துவிட்டேன். இனி அந்த முழங்காலை ஒரு டாக்டர் பார்க்கட்டும்.

செர்ரி, பேரி, ஆப்பிள் என்று பழம் பறிக்கப் பதினோரு வருடமாகப் பருவத்தின் பின்னால் ஊர் ஊராக ஓடுகிறீர்கள். போகாதீர்கள் என்று நான் ஒருமுறையும் சொன்னதில்லை. சொன்னால் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று எனக்கே தெரியாது. இப்போது சொல்கிறேன். ஆப்பிள் முடிந்ததும் மேஸ்திரி அடுத்த பருவத்துக்கு வருகிறாயா என்று கேட்பார். யோசிக்கிறேன் என்று இழுக்காதீர்கள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள்.

கடவுள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
தொமித்தீலா