உள்பையும் ஒன்பது கீற்றும்

10-6, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். மலைப்பக்கக் காற்று. தையல்கடை வாசலில் தொங்கவிட்ட துணியெல்லாம் திராட்சைத் தோட்டத்துக்குப் பறக்கப் பார்க்கிறது. பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. தைக்க வேண்டியவை:
– சீருடைச் சுடிதார் 14
– ஓவர்கோட் 9
– என் வாய் (வீட்டுக்காரர் சேர்த்தது)

யாழினி அளவு கொடுக்க வந்தாள். சுமதி மகள், ஏழாம் வகுப்பு. மார்பில் நாடாவை வைத்ததும் கூன் போட்டாள்.

"நிமிருத்தா. வளருறது குத்தமா?"

"வலிக்குது அத்தை. கட்டியா இருக்கு. புத்துநோயா?"

மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாமல், புத்தகப்பையை முன்பக்கம் மாட்டித் திரிந்திருக்கிறாள் பாவி மகள். மார்பு வளரும்போது அப்படித்தான் வலிக்கும், ஒன்று முந்தும், மற்றது பிந்தும் என்றேன். பிறகு முடி, வெள்ளைப்படுதல், ரத்தம். வரிசையாக, கத்தரிக்கோலை ஆட்டி ஆட்டி.

"எம்புட்டு ரத்தம் அத்தை?"

"ஒரு டீ கிளாஸ்கூட வராது. அதுவும் நாலஞ்சு நாளாப் பிரிச்சு."

"உங்களுக்கு இன்னும் வருதா?"

வயது 48. ஒரு மாதம் வருகிறது, இரண்டு மாதம் காணோம், எங்கள் ஊர் மினி பஸ் மாதிரி. பேச்சை மாற்றினேன். ஊருக்குத்தான் உபதேசம்.

அவள் ஓவர்கோட்டிலும் உள்பக்கம் ஒரு பை. இந்த வருஷம் எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் வைக்கிறேன். நாப்கின் மடித்து வைத்தால் வெளியே தெரியாது. எட்டாம் வகுப்பில் நான் கறையோடு பெஞ்சை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்த மத்தியானம் இன்னும் மறக்கவில்லை.

12-6, வியாழன்

கரண்ட் இல்லை. நேற்று ஓவர்கோட்டைக் கொடுத்தபோது பையில் ஒரு நாப்கினும் வைத்து அனுப்பினேன். முன்யோசனையாம்.

சுமதி துவைக்க எடுத்திருக்கிறாள், பார்த்திருக்கிறாள். மகளைக் கேட்கவில்லை. நேரே தேவதானப்பட்டித் தம்பிக்குப் போன். "மருமக சமைஞ்சிட்டா." யாழினி பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீட்டு வாசலில் ஒன்பது தென்னங்கீற்று, தாய்மாமன் குச்சுக் குடிசை கட்ட. தான் பெரிய மனுஷியான சேதியைக் கடைசியாகத் தெரிந்துகொண்டவள் அவள்தான்.

சாயங்காலம் சுமதி கடைக்கே வந்துவிட்டாள்.

"பெத்தவகிட்ட மறைக்கச் சொல்லிக் குடுத்தது நீங்கதான மதினி?"

"அவ இன்னும் சமையவே இல்லை சுமதி."

"வராததுக்கு எதுக்குப் பஞ்சு?"

"கேஸ் தீந்த பொறகா சிலிண்டருக்குப் போன் போடுவ?"

"இனிமே நம்ம தெருவுல ஒருத்தியும் உங்ககிட்டத் துணி குடுக்க மாட்டா, பாருங்க."

சொன்னபடியே இரண்டு பேர் வந்து துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். போகட்டும். ஆனால் திங்கள்கிழமை தேனியில் மாவட்ட கோ-கோ அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். யாழினி ஓட வேண்டும். குச்சுக்குள் உட்காரவைத்தால் ஒன்பது நாள் வெளியே வர முடியாது.

13-6, வெள்ளி

போனேன். சுமதி வீட்டுப் படி ஏறுவதற்குள் உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்துவிட்டது. இந்த லட்சணத்தில் எனக்கு வீரம் வேறு.

முற்றத்தில் மாமன் கீற்று முடைகிறார். சுமதி செல்போனில் ஃப்ளெக்ஸுக்குப் போட்டோ தேடுகிறாள். மூலையில் மஞ்சள் சேலைக்குள் யாழினி, மறுபடி கூன்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்றேன்.

"அதைப் போயி எப்படிக் கேக்குறது?" மாமன், கீற்றைப் பார்த்தபடி.

முச்சந்தியில் பத்தடி ஃப்ளெக்ஸ் வைக்கலாம். கேட்கத்தான் கூச்சம்.

யாழினி எழுந்தாள். நிமிர்ந்து.

"எனக்கு இன்னும் பீரியட்ஸ் வரலை மாமா. மார்பு மட்டுந்தான் வளருது. வந்தா நானே சொல்றேன். திங்கக்கிழமை தேனிக்குப் போகணும்."

மாமன் கையிலிருந்து ஓலை நழுவியது. "அப்ப இந்தக் கீத்தை என்ன செய்ய?"

"மாட்டுக்கொட்டம் ஒழுகுதுல்ல, மேல போடுங்க தம்பி" என்றேன்.

சுமதி கத்தவில்லை. "எங்கம்மா ஒரு கிழிச்ச துணியக் கையில குடுத்துச்சு, அம்புட்டுத்தான் மதினி. எனக்கு யாரு என்ன சொன்னாக?" என்றாள்.

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "அந்த மஞ்சச் சேலையில ஃபால்ஸ் பிரிஞ்சிருக்கு, குடுத்தனுப்பு" என்றேன். புத்தி அவ்வளவுதான்.

16-6, திங்கள்

சாரல் விட்டுவிட்டது. ஏழு மணிக்குச் சுமதியும் யாழினியும் கடை வாசலில்.

"இவ விளையாட்டு டவுசருக்கும் உள்ள ஒரு பை வச்சுக் குடுங்க மதினி. பஸ்ஸு வந்துரும்."

வைத்தேன். அம்மாவும் மகளும் ஓடிப் போய் ஏறினார்கள். புத்தகப்பை முதுகில்.

பத்து மணி. துணியைத் திரும்ப வாங்கிப் போனவர்களில் ஒருத்தி மறுபடி வந்தாள். "அந்தப் பை மட்டும் வேண்டாம்க்கா."

"பை இல்லாம இங்கன சீருடை கெடையாது."

துணியை மேசைமேல் வைத்தாள். "சரி, சின்னதா வைங்க."

பெரிதாகவே வெட்டினேன்.