கனமான சுமை முதலில்

மார்ச் 3, செவ்வாய்

இன்று என் சூப் சாம்ராஜ்யம் கவிழ்ந்தது.

அக்கா மகள் டவர் கிரேன் ஓட்டுகிறவள். ஊரின் பாதி மாடிகளை ஆகாயத்தில் உட்கார்ந்தபடி அடுக்கிவைத்தவள். எடை குறைய வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டு எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள். தேற்றும் பொறுப்பு அடியேனுடையது. தினமும் சாப்பாட்டுக்கு முன் கப்பல் மிதக்கும் கிண்ணத்தில் காய்கறி சூப் கொடுத்தேன். பிறகு மீன் வந்தால், "போதும் மாமா, இடமில்ல" என்பாள். பாவி நான், அதைப் பாராட்டு என்று நினைத்தேன்!

ரத்தப் பரிசோதனையில் புரதம் பாதாளத்தில். ஏப்ரலில் மறுபடி பார்ப்பார்களாம். அப்போதும் தேறாவிட்டால் கிரேனில் வேறு ஆள்.

மார்ச் 5, வியாழன்

திட்டுவாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள்.

"சைட்ல காத்து எழும்புறதுக்குள்ள கனமானதைத் தூக்கிடுவோம் மாமா. அப்புறம் முடியாது. என் வயிறும் அப்படித்தான், நாலு வாய்ல கதவ சாத்திடும். முட்டை, மீனு முதல்ல போகணும். உங்க சூப்பெல்லாம் பஞ்சு மூட்டை."

பஞ்சு மூட்டையா? என் சூப்பா? ஆனால் உலகத்து டாக்டர்கள் வரிசையில் நின்று கேட்க வேண்டிய பாடம் இது.

மார்ச் 9, திங்கள்

அரைத் துண்டு மீன். மெல்லுகிறாள், மெல்லுகிறாள். நான் சாப்பிட்டுக் கைகழுவி, குட்டித் தூக்கம் போட்டு எழுந்தேன். இன்னும் மெல்லுகிறாள்.

மார்ச் 22, ஞாயிறு

வீட்டம்மாவின் பிறந்தநாள். "எனக்காக ஒரு வாய் கேக் உள்ள போகாதா?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

"கோழி முதல்ல அத்தை. இடம் இருந்தா கேக்."

கோழி முடிந்தது. இடம் இல்லை. கேக்கை ஒரு பார்வை பார்த்தாள், தட்டை நகர்த்தினாள். நான் எழுபது பிறவி எடுத்தாலும் அந்த நெஞ்சுரம் வராது. அவள் பங்கையும் சேர்த்து நாலு துண்டு தின்றவன் சொல்கிறேன்.

வீட்டம்மா எழுந்துபோய் ராத்திரிக்கு முட்டை வேகவைத்தாள்.

ஏப்ரல் 13, திங்கள்

ரத்தம் எடுத்தாச்சு. புரதம் குறைஞ்சா முடி கொட்டுமாம்; அவ தலையணையில இன்னைக்கும் கொத்தா முடி. பயமா இருக்கு. அந்த சூப்பை மட்டும் வைக்காம இருந்திருந்தா— சே.

ஏப்ரல் 20, திங்கள்

புரதம் தேறிவிட்டது, கிரேன் மறுபடி அவளுக்கே! காலையில் கட்டட வேலிக்கு வெளியே நானும் வீட்டம்மாவும். கிரேன் ஏணியில் அக்கா மகள் எறும்பு மாதிரி தெரிந்தாள். பாதியில் நின்றாள். என் மூச்சும் நின்றது. அவள் ஏறினாள், நானும் மூச்சு விட்டேன்.

கிரேனின் கை மெல்லத் திரும்பியது. முதலில் எழுந்தது இரும்புக் கட்டு.

"காத்தே இல்லைங்க," என்றாள் வீட்டம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் மீனை முழுசாக முடித்தாள். அரை மணி கழித்துக் கூப்பிட்டாள்.

"மாமா, கொஞ்சம் இடம் இருக்கு. அந்தப் பஞ்சு மூட்டையை எடுத்துட்டு வாங்க."

ஓடினேன். பாதி சூப் தரையில்.